சால்டர் பண்ணிக் கொடுத்தவர்

பழைய பெருங்களத்தூர்
4 ஆகஸ்ட் 2025

மச்சான் கதிரேசா,

உன் நம்பருக்கு அடிச்சா ஒரு ரிங் போய் கட் ஆகுது. ஒன்பது வருஷமா என்னை பிளாக்ல வெச்சிருக்கே. நடுவுல போன் மாத்தியிருப்பே இல்ல? ஒவ்வொரு போன்லயும் ஞாபகமா என்னைத் தேடிப் பிடிச்சு பிளாக் பண்ணினியா? அவ்ளோ பாசம் எனக்கு யார் மேலயும் கிடையாது.

அதனால தபால். நான் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரி யூனிஸ் டைப் அடிக்கிறா.

நாம சேர்ந்து கட்டின சிந்தசைசர் இன்னும் என் வீட்டுலதான் இருக்கு. எல்லா மாட்யூலும் உயிரோட இருக்கு, ஒயரைக் குத்தினா பாடுது. டிசம்பர் 20 சனிக்கிழமை எங்க சர்ச்ல கிறிஸ்துமஸ் கேரல் நைட். இந்த வாட்டி டிரம்ஸ் வேணாம்னு இருக்கேன். ரெண்டு ரப்பர் பேட் போதும், தட்டினா சிந்தசைசர் பேசணும். நடுவுல ஒரு டிரிக்கர் சர்க்யூட் வேணும். தட்டினதை ஒரு சின்ன துடிப்பா மாத்தி, மெஷின்கிட்ட "இப்போ"ன்னு சொல்ற வேலை, அவ்ளோதான். கடையில விக்கிற பெட்டி எதுவும் அதோட ஒத்துப் போகலை. உன்னை மாதிரியே அதுவும் யாரோடயும் ஒட்டாது.

கொயர் செக்ரட்டரி சத்தியநாதன் சார் டிசம்பர் முதல் வாரம் வரைக்கும் டைம் குடுத்திருக்கார். அதுக்குள்ள வாசிச்சுக் காட்டலைன்னா கல்யாண ரிசப்ஷன்ல வாசிக்கிற லோகுன்னு ஒருத்தனைக் கூப்பிட்டுப்பாராம். கல்யாணமாகாத காலத்துலேர்ந்து அது என் இடம்.

வரைஞ்சு அனுப்பு. நீ வரைவே. வரையாம உன்னால இருக்க முடியாது.

ஆரோன்

(அண்ணா, "ஒட்டாது" வரியை எடுக்கச் சொன்னேன். கேட்கவில்லை. – யூனிஸ்)


ராஜகீழ்ப்பாக்கம்
11 ஆகஸ்ட் 2025

ஆரோனுக்கு,

சொத்துவரி நோட்டீஸ் போல அச்சடித்த உன் கடிதம் வந்தது. கீழே கையெழுத்துகூட இல்லை. கடிதம் எழுதவும் ஆள் வைத்துக்கொண்டுவிட்டாய். முன்பு சர்க்யூட் போட ஆள் வைத்திருந்தாய். அது நான்.

2016 கேரல் நைட்டில் அதே மேடையில் மைக்கைப் பிடித்து நீ சொன்னது அட்சரம் பிசகாமல் எனக்கு நினைவிருக்கிறது. "இந்த மெஷினை சால்டர் பண்ணிக் கொடுத்தவர் என் ஃபிரெண்ட் கதிரேசன், ஒரு கை தட்டுங்க." ஒரு வருடத்துக்கும் மேலாக, மறைமலை நகரில் வேலை முடிந்து வந்து, ஒவ்வொரு மாட்யூலையும் வெற்றுத் தாளில் யோசித்து உண்டாக்கியவன் நான். சால்டர் பண்ணுவது, ஈயத்தை உருக்கி ஒட்டுவது, அதில் கடைசி வேலை. ஒரு கல்யாணத்தையே நடத்தி வைத்தவனைப் பார்த்து, வந்தவர்களுக்கு இலை போட்டவர் என்று சொன்னாய்.

தொழிற்சாலையில் நான் வடிவமைத்த சோதனைக் கருவியின் மேல் தோத்தாத்ரி என்ற மேலாளர் தன் பெயரை ஒட்டிக்கொண்டார். அவர் திருடர். ஆனால் திருடுகிறவனுக்குப் பொருளின் மதிப்பாவது தெரியும். உனக்கு அதுவும் தெரியவில்லை.

படம் இணைத்திருக்கிறேன். உன்மேல் உள்ள அக்கறையால் அல்ல. கண்ட பெட்டியைச் சொருகி என் மெஷினை நீ எரித்துவிடக் கூடாது.

பேடின் அடியில் ஒரு பீசோ தட்டை ஒட்டு. பாடும் வாழ்த்து அட்டைக்குள் இருக்குமே, அந்தப் பித்தளை வட்டம். அடி விழுந்தால் அதில் மின்னழுத்தம் எழும். அது ஒரு டிரான்சிஸ்டரைத் திறக்கும். டிரான்சிஸ்டர் 555 ஐசியை எழுப்பும். ஐசி ஐந்து வோல்ட்டில் ஒரே ஒரு துடிப்பைத் தரும். அடித்த பிறகும் பீசோ கொஞ்ச நேரம் அதிர்ந்துகொண்டிருக்கும். அதை இரண்டாவது அடி என்று எடுத்துக்கொள்ளாதபடி துடிப்பை முப்பது மில்லி நொடிக்கு நீட்டியிருக்கிறேன். அந்த நீளத்தைப் பிடித்து வைத்திருப்பது C2 என்ற கெபாசிட்டர். அதையாவது ஒழுங்காகப் பொருத்து. பேடுக்கு ஒரு போர்டு வீதம் இரண்டு போர்டு கட்டு.

நீ எவ்வளவு பலமாக அடிப்பாய் என்று எனக்குத் தெரியும். மாதம் இரண்டு ஜோடி குச்சி உடைத்தவன். அதற்கேற்றபடி கணக்கிட்டிருக்கிறேன்.

டிரம்ஸை விட்டு ரப்பருக்கு ஏன் வந்தாய் என்று கேட்கப் போவதில்லை. சோம்பேறித்தனத்துக்கு விளக்கம் தேவையில்லை. போனில் கூப்பிடாதே.

கதிரேசன்


பழைய பெருங்களத்தூர்
30 ஆகஸ்ட் 2025

மச்சான்,

ரிச்சி தெருவுல நீ எழுதின சாமான் எல்லாம் கிடைச்சுது. ரெண்டு போர்டும் கட்டியாச்சு. இடது பேடைத் தொட்டா ஜன்னல் கண்ணாடி அதிருது. வலது பேட் ஊமை. ஒரு மூச்சு பேச்சு கிடையாது. பெரிய இன்ஜினீயர் சார் படத்துல எங்கேயோ கோட்டை விட்டிருக்கே. பரவாயில்ல, வயசாகுதுல்ல.

சால்டர் விஷயத்துக்கு வருவோம். அன்னைக்கு ஒரு ஹால் நிறைய ஜனம் உனக்குக் கை தட்டிச்சு. அதுக்கு முன்னாடி உனக்கு யாராவது தட்டியிருக்காங்களா? பின்னாடி? மேடையில நின்னுகினு ஆசிலேட்டர், ஃபில்டர்னு பாடம் நடத்தியிருந்தா ஆயாக்கள் எழுந்து பிரியாணிக்குப் போயிருக்கும். ஜனங்களுக்குப் புரியற வார்த்தையைச் சொன்னேன். நீ அதை ஒன்பது வருஷமா அசை போட்டுகினு இருக்கே. பேஜார் பிடிச்ச ஆளுய்யா நீ.

வலது பேடைப் பேச வை.

ஆரோன்


ராஜகீழ்ப்பாக்கம்
5 செப்டம்பர் 2025

ஆரோனுக்கு,

ஒரே படம். இரண்டு போர்டு. ஒன்று வேலை செய்கிறது, மற்றது செய்யவில்லை. குற்றம் படத்தில் என்கிறாய். இந்த அறிவை வைத்துக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டை எப்படித்தான் தினமும் உயிரோடு கடக்கிறாயோ.

தொழிற்சாலையில் கோளாறு கண்டுபிடிக்க எனக்கு ஒரே வழக்கம்தான். நல்லதையும் கெட்டதையும் இடம் மாற்றிப் போடுவேன். கோளாறு எதன் பின்னால் போகிறதோ அதுதான் குற்றவாளி. இரண்டு போர்டையும் மாற்று. ஊமை இடது பக்கம் போனால் உன் சால்டரிங் மோசம். போகவில்லையென்றால் பீசோ தட்டுகளை மாற்று. பிறகு ஒயர்களை. பிறகு பேடுகளை. ஒரு தடவைக்கு ஒன்றுதான் மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடுங்கிவிட்டு எனக்குக் கதை எழுதாதே.

கதிரேசன்


பழைய பெருங்களத்தூர்
19 செப்டம்பர் 2025

மச்சான்,

போர்டை மாத்தினேன். வலது பக்கம் ஊமை. தட்டை மாத்தினேன். வலது பக்கம் ஊமை. ஒயர், பேட், ஸ்டாண்டு, பவர் சப்ளை எல்லாம் ஒண்ணொண்ணா மாத்தியாச்சு. எதை எங்கே போட்டாலும் இடது பக்கம் இருக்கறது பேசுது, வலது பக்கம் இருக்கறது பேசலை.

உன் வழக்கம் தோத்துப்போச்சு. தோத்தாத்ரி உன் கருவியில தன் பேரைப் போட்டதே பெரிய மனசு.

ஆரோன்

(அண்ணா, கடைசி வரிக்கு மன்னிக்கவும். இரண்டு நாளாக அந்த வலது பேடின் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறார். – யூனிஸ்)


ராஜகீழ்ப்பாக்கம்
25 செப்டம்பர் 2025

ஆரோனுக்கு,

என் வழக்கம் தோற்கவில்லை. நீ எல்லாவற்றையும் மாற்றினேன் என்கிறாய். ஒன்றை மாற்றவில்லை.

கையைக் குறுக்கே போட்டு, இடது கையால் வலது பேடைத் தட்டிப் பார். பேசும். நீ ஏற்கெனவே தட்டிப் பார்த்திருப்பாய். உனக்குத் தெரியும்.

அச்சடித்த கடிதம், கையெழுத்து இல்லாத பெயர், டிரம்ஸ் வேண்டாம், ரப்பர் போதும். இவ்வளவும் என் மேசைமேல் ஆகஸ்ட் மாதத்திலிருந்து கிடக்கின்றன. நான் உன் சோம்பேறித்தனத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

உன் வலது கைக்கு என்ன?

நேராகப் பதில் சொல். கூடவே இரண்டு கை அடியையும், மின்னழுத்தத்தைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்பில், தனித்தனியாக அளந்து எழுது. உன் மகள் ஏஞ்சல் காட்டாங்குளத்தூரில்தானே இன்ஜினீயரிங் படிக்கிறாள்? அங்கே லேபில் இருக்கும். கேட்டு வாங்கு.

கதிரேசன்


பழைய பெருங்களத்தூர்
6 அக்டோபர் 2025

கதிரேசா,

பிப்ரவரியில ஒரு நாள் காலையில பல் தேய்ச்சுகினு இருந்தேன். பிரஷ் கையிலேர்ந்து விழுந்துச்சு. குனிஞ்சு எடுக்கப் போனா கை வரலை. குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில அதுக்கு ஒரு பேர் சொன்னாங்க, அந்தப் பேர் உனக்கும் தெரியும். கால் திரும்ப வந்துடுச்சு. பேச்சு திரும்ப வந்துடுச்சு, அது உனக்கே தெரியுது. வலது கை பாதிதான் திரும்ப வந்திருக்கு. டம்ளர் தூக்கறேன். சட்டைப் பட்டன் போட முடியலை. குச்சி பிடிக்க முடியலை, அதனால பேட்.

ஏஞ்சலோட லேப்ல அளந்தோம். இடது கை நாலரை வோல்ட். வலது கை கால் வோல்ட்டுக்கும் கம்மி. அந்தப் பொண்ணு ஸ்கிரீனைப் பார்த்துட்டு, "புரோப் ஒயர் சரியா மாட்டலைப்பா"ன்னு திரும்பத் திரும்ப மாட்டினா. புரோப் சரியாத்தான் இருந்துச்சு.

சத்தியநாதன் சார், "பிரதர், நீங்க முன் வரிசையில உக்காந்து கேளுங்க, ரெஸ்ட் எடுங்க"ன்னு சொல்றார். முன் வரிசைன்னா என்னன்னு எனக்குத் தெரியும். அங்க உக்காந்தவங்க யாரும் திரும்ப மேடை ஏறினதில்ல.

உன்கிட்ட ஏன் சொல்லலைன்னு கேப்பே. சொன்னா நீ இரக்கப்படுவே. உன் திமிரையே தாங்கிக்கலாம், உன் இரக்கத்தை எவன் தாங்குவான்?

ஆரோன்


ராஜகீழ்ப்பாக்கம்
10 அக்டோபர் 2025

ஆரோனுக்கு,

இரக்கம் கேட்டிருந்தாலும் கிடைத்திருக்காது. தப்பான விவரம் கொடுத்து என்னிடம் சர்க்யூட் வாங்கினாய். தொழிற்சாலையில் இப்படிச் செய்த சப்ளையரின் லாரியைக் கேட்டோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். உன்னால் எனக்கு இரண்டு மாதம் வீண்.

ஊமைக்குக் காரணம் இதுதான். நான் போட்ட டிரான்சிஸ்டர் அரை வோல்ட்டுக்கு மேல் வந்தால்தான் கண்ணைத் திறக்கும். கால் வோல்ட் அதன் வாசலில் எத்தனை முறை தட்டினாலும் அதற்குக் கேட்காது. டிரான்சிஸ்டரை எடுத்துவிட்டு அங்கே கம்பாரேட்டர் என்ற ஐசியைப் போடு. வருகிற மின்னழுத்தத்தை நாம் சொல்லும் ஓர் அளவோடு ஒப்பிட்டு, தாண்டியதா இல்லையா என்று மட்டும் சொல்லும். அந்த அளவை ஒரு குமிழால் திருகிக் குறைத்துக்கொள்ளலாம். உன் வலது கைக்கு ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு என்று வை.

தாண்டிவிட்டால் போதும். நாலரை வோல்ட்டில் தாண்டினாலும் கால் வோல்ட்டில் தாண்டினாலும் வெளியே போவது அதே ஐந்து வோல்ட். டிரிக்கர் யாரையும் பாராட்டாது, யாருக்கும் பரிதாபப்படாது. எனக்குப் பிடித்த குணம்.

ஒரு சிக்கல் உண்டு. வலது பக்கத்தின் காது இவ்வளவு கூர்மையானால், இடது பேடை நீ அறையும் அறை ஸ்டாண்டு வழியாக வந்து அதையும் எழுப்பிவிடும். அதனால் ஒரு பூட்டு வரைந்திருக்கிறேன். இடது பேட் பேசும் முப்பது மில்லி நொடியும் வலது பேடின் வாயை அது மூடிவிடும்.

கதிரேசன்


பழைய பெருங்களத்தூர்
27 அக்டோபர் 2025

மச்சான்,

யூனிஸ் போர்டைப் பிடிச்சுக்க, இடது கையால நானே சால்டர் பண்ணினேன். கர்த்தர் சாட்சியா ஒரு வார்த்தை சொல்றேன், சால்டரிங் சின்ன வேலை இல்லை. உன் இலை போடற கதையை வாபஸ் வாங்கு.

வலது பேட் பேசிச்சு. யூனிஸ் அடுப்பை அணைச்சுட்டு ஓடி வந்தா.

ஆனா உன் பூட்டு வேணாம். பாட்டோட கடைசி அடியில ரெண்டு கையும் ஒண்ணா விழணும். உன் பூட்டு போட்டா இடது மட்டும் கேக்குது, வலது காணாமப் போவுது. பூட்டை எடுத்தா நான் அடிக்காமலே வலது உளறுது. மெஷினுக்கு இது சரியா இருக்கலாம் சார். என் வலது கையை ஒரு தடவை பிப்ரவரியில வாயடைச்சாச்சு. உன் கையாலயும் ஒரு தடவை வேணாம்.

ஏழெட்டு வரியில பதில் எழுதி என்னை முட்டாள்னு சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசி.

ஆரோன்


ராஜகீழ்ப்பாக்கம்
12 நவம்பர் 2025

ஆரோனுக்கு,

நீ சொல்வது சரி. உன்னைப் பொறுத்தவரை இது அடிக்கடி நடக்கிற விஷயமில்லை என்பதால் பதிவு செய்கிறேன்.

பூட்டின் ஒயரை வெட்டிவிடு. கோளாறு மின்சாரத்தில் இல்லை, ஸ்டாண்டில் இருக்கிறது. அதிர்வை ஸ்டாண்டிலேயே நிறுத்த வேண்டும். என் வீட்டில் இரண்டு பேட் வைத்து, இடது கையால் அறைந்து, வலது கைச் சுண்டுவிரலால் தட்டிப் பார்த்தேன். கால் வோல்ட்டுக்கும் கீழே தட்ட எனக்கு அந்த விரல்தான் தோதாக இருந்தது. தெர்மகோல் உதவவில்லை. கட்டில் மெத்தையின் ஸ்பாஞ்சு உதவவில்லை, மெத்தையும் போயிற்று. மேல்வீட்டு ஆசாமி இரண்டு முறை இறங்கி வந்து, "இன்னா சார் சத்தம்?" என்று கேட்டார். உனக்காகப் பொய் சொல்ல வேண்டியதாயிற்று.

கடைசியில் அதிர்வை நிறுத்தியது ரப்பர் செருப்பு. கேம்ப் ரோட்டு நடைபாதைக் கடையில் வாங்கினேன். ஒன்றை வெட்டி அனுப்பியிருக்கிறேன். வலது பேடுக்குத் தனி ஸ்டாண்டு வைத்து, அதன் ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு துண்டைக் கொடு. இடது அடி வலது பக்கம் எட்டாது.

கடைக்காரன் ஒற்றைச் செருப்பு தரமாட்டேன் என்றுவிட்டான். மற்றதை வெட்டாமல் முழுதாக இதே பார்சலில் வைத்திருக்கிறேன். அதை உனக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒன்பது வருடமாக நினைத்திருந்தேன்.

கதிரேசன்


பழைய பெருங்களத்தூர்
3 டிசம்பர் 2025

மச்சான்,

பார்சலை யூனிஸ்தான் பிரிச்சா. உள்ளே செருப்பு. "அந்த ஆளுக்கு இன்னா கொழுப்பு!"ன்னு தெருவுக்கே கேக்கற மாதிரி கத்திட்டு, கேட் வரைக்கும் வீசப் போயிட்டா. கூடவே இருந்த கடிதத்தைப் படிச்சப்புறம் கேட்லயே நின்னு சிரிச்சா. பிப்ரவரிக்கு அப்புறம் அவ அப்படிச் சிரிச்சு நான் பார்க்கலை.

வெட்டின துண்டு ஸ்டாண்டுக்கு அடியில போச்சு. ரெண்டு கையும் ஒண்ணா விழுது, ரெண்டும் கேக்குது. நேத்து சத்தியநாதன் சார் வந்தார். கண்ணை மூடிகினு ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். "லோகுவுக்கு போன் பண்ணி வேணாம்னு சொல்லிடறேன் பிரதர்"னு சொல்லிட்டுப் போனார்.

முழுச் செருப்பை சிந்தசைசர் மேல ஆணி அடிச்சு மாட்டியிருக்கேன். திருஷ்டிக்குன்னு சொன்னா பாஸ்டர் கோச்சுப்பார். அதனால டிசைனரோட கையெழுத்துன்னு சொல்லி வெச்சிருக்கேன்.

20-ஆம் தேதி ஆறரை மணி. வா. மேடையில உன்னைப் பத்தி என்ன சொல்லணும்னு நீயே எழுதி அனுப்பிடு. இன்னொரு ஒன்பது வருஷம் என்னால ஆகாது.

ஆரோன்


ராஜகீழ்ப்பாக்கம்
8 டிசம்பர் 2025

ஆரோனுக்கு,

ஒன்றும் சொல்லாதே. நான் வரப்போவதில்லை. கேரல் பாட்டு எனக்கு ஆகாது, உன் கொயருக்கு அதைவிட ஆகாது.

கதிரேசன்


ராஜகீழ்ப்பாக்கம்
22 டிசம்பர் 2025

ஆரோனுக்கு,

சனிக்கிழமை எனக்குப் பெருங்களத்தூர் பக்கம் ஒரு வேலை இருந்தது. மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கிய இடம் உங்கள் சர்ச்சின் ஸ்கூட்டர் ஷெட்டாக அமைந்தது என் துரதிர்ஷ்டம். ஜன்னலெல்லாம் திறந்து போட்டுப் பாடுகிறீர்கள். காதைப் பொத்திக்கொள்ள எனக்குக் கை ஒழியவில்லை, இரண்டும் குடையைப் பிடித்திருந்தன.

முதல் இரண்டு பாட்டில் குறையில்லை. சர்க்யூட்டைச் சொல்கிறேன், பாடியவர்களை அல்ல. இரண்டாவது பாட்டின் கடைசி அடியில் இரண்டு பேடும் ஒன்றாக விழுந்தன. எது எந்தக் கை என்று ஷெட்டில் நின்றவனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நான் முயன்று பார்த்தேன்.

பிறகு நீ மைக்கைப் பிடித்தாய். "இந்தப் பெட்டியை யோசிச்சு வரைஞ்சவர் கதிரேசன். சால்டர் பண்ணினது மட்டும்தான் நான். அவர் வரலை, அவர் செருப்பு வந்திருக்கு." ஹால் முழுக்கச் சிரித்தது. கை தட்டியது எனக்கா செருப்புக்கா என்று தெரியவில்லை. பக்கத்தில் மழைக்கு ஒதுங்கியிருந்த ஒருவர், "யாருங்க அந்தக் கதிரேசன்?" என்று என்னிடமே கேட்டார். வெளியூர் ஆளாம் என்று சொல்லிவைத்தேன்.

மூன்றாவது பாட்டுக்கு வருகிறேன். நடுவில் வலது பேட் இரண்டு இடத்தில் இரட்டையாகப் பேசியது. தட்டியது ஒன்று, கேட்டது இரண்டு. உன் கொயரில் ஒருவர் காதிலும் அது விழுந்திருக்காது. அது C2, துடிப்பின் நீளத்தைப் பிடித்து வைக்கும் அந்தக் கெபாசிட்டர். அதன் கால் சரியாக ஒட்டவில்லை, அதிர்வில் விட்டு விட்டுப் பிடிக்கிறது. வரைந்தவன் பெயரை ஊரறியச் சொல்லிவிட்டு, அடுத்த பாட்டிலேயே சால்டர் பண்ணினவன் அவன் மானத்தை வாங்கியிருக்கிறான்.

பெட்டியைக் கூரியரில் அனுப்பாதே, உடைத்துவிடுவார்கள். ஆட்டோ வைத்துக்கொண்டு நீயே எடுத்து வா. ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், பார்த்து இறங்கு. நாம் பேசிக்கொள்ள வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

நானே சால்டர் பண்ணிக் கொடுக்கிறேன்.

கதிரேசன்